ஆர்விட் ஸ்கோக் சுட்டது

ஆர்விட் ஸ்கோக்கின் பெயரில் பதினான்கு எல்க் மான்கள் பதிவாகியிருந்தன. 1961 முதல் 1977 வரை பதினேழு பருவங்களில் பதினான்கு. எங்கள் மாவட்டத்தில் வேறு எவன் பெயரிலும் அவ்வளவு இல்லை. அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூட அவன் சுடவில்லை.

எங்கள் வேட்டை முகாமின் பதிவுப் புத்தகத்தை எழுதியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். மரம் அறுக்கும் ஆலையில் எனக்கு வேலை, லாரியில் வந்து இறங்கும் கட்டைகளை அளந்து எழுதுவது. அந்தப் பழக்கம் முகாமுக்கும் வந்துவிட்டது. தேதி, நேரம், குளிர் எத்தனை டிகிரி, தூரம் எவ்வளவு, எத்தனை சூடு, எங்கே பட்டது. கடைசியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் சுட்டவர் பெயர், இன்னொன்றில் சீட்டுக்கு உரியவர் பெயர். இரண்டிலும் ஒரே பெயர் வந்த பக்கங்கள் குறைவு.

சட்டப்படி ஒரு பருவத்துக்கு ஒருவனுக்கு ஒரு வேட்டைச் சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு எல்க். சுட்டவன் தன் சீட்டில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, அதைக் கொம்பில் கட்ட வேண்டும். எங்கள் வழக்கம் வேறு. "சீட்டு முகாமுக்குச் சொந்தம்" என்பான் மெர்ல் ஹாஸ்கெட். யார் சுட்டாலும் சரி, எவன் சீட்டு மிச்சமிருக்கிறதோ அதைக் கட்டிவிடுவோம். சால்மன் ஆற்றுப் பக்கம் பல முகாம்களில் இப்படித்தான் நடந்தது. யாரும் இதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. மெர்ல் நன்றாகச் சுடுவான். எனவே மெர்ல் சுடுவான், ஆர்விட்டின் சீட்டு கட்டப்படும்.

முகாமில் நாங்கள் நால்வர். மெர்ல் ஆலையில் மேஸ்திரி. கூடாரம், தகர அடுப்பு, கோவேறு கழுதைகள் ஐந்து, எல்லாம் அவனுடையவை. டுவெய்ன் பிக்ஸ்லர் பள்ளிக்கூடத்துப் பேருந்து ஓட்டுபவன், வாய் ஓயாதவன். மூன்றாவது நான், எல்டன். நான்காவது ஆர்விட்.

ஆர்விட் 1923இல் பிறந்தவன். அறுத்து ஈரத்தோடு வரும் பலகைகளை இழுத்து அடுக்கும் வேலையில் மெர்லின் கீழ் இருபத்தேழு வருடம் இருந்தான். ஆலையிலேயே மிகக் கனமான வேலை அது. இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. பெரிய உடம்பு, சிறிய குரல். முகாமுக்கு முதன்முதலாக வந்தது 1961 அக்டோபர் 21, சனிக்கிழமை. தொண்ணூறு தப்படி தூரத்தில் அசையாமல் நின்ற ஆண் எல்க்கை மூன்று முறை சுட்டான். மூன்றும் தவறின. அன்று மாலையே மெர்ல் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "நீ இனிமே கீழ இறங்கி ஓட்டு. சுடுறத நாங்க பார்த்துக்கறோம்." ஓட்டுவது என்றால் பள்ளத்தாக்கின் அடிக்குப் போய், புதர் புதராகச் சத்தம் போட்டு, மேலே துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர்களை நோக்கி மந்தையை விரட்டுவது. அதைப் பதினேழு வருடம் செய்தான். 'சீட்டு' என்று பெயர் வைத்தது டுவெய்ன். "ஏ சீட்டு, காபி போடு." "சீட்டு, கழுதைக்குத் தண்ணி காட்டு." அவனும் திரும்பிப் பார்ப்பான்.

ஊரில் நிலைமை நேர் எதிர். பருவம் முடிந்ததும் சீட்டுகளின் எண்ணிக்கை வார இதழில் வரும். ஆர்விட்டின் பெயர் மேலே இருக்கும். தேவாலய விருந்துகளில் ஆட்கள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படி அடிச்சீங்க, சொல்லுங்க" என்பார்கள். அவன் மனைவி வெல்மா பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவனும் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் சொல்வதிலும் கவனமாக இருப்பான். விருந்துக்கு முன்பு என் வீட்டுக்கு வருவான்.

"எல்டன், அந்த அறுபத்தெட்டாம் வருஷத்து எல்க், எத்தனை தூரத்துல விழுந்துச்சு?"

"முந்நூத்திப் பத்து கஜம்."

"காத்து?"

"மேற்கிலேருந்து. லேசா."

மெதுவாகத் தலையாட்டிவிட்டுப் போவான்.

1978இல் டிசம்பர் மாதத்துப் பின்பருவ வேட்டைக்கு நான்கு பேரும் விண்ணப்பம் போட்டோம். பனி விழுந்து பெரிய கொம்பு வைத்த ஆண் எல்க்குகள் உயரத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் சமயம் அது. குலுக்கல் முறையில்தான் அனுமதி. நால்வரில் ஆர்விட்டுக்கு மட்டுமே விழுந்தது. நவம்பர் 14ஆம் தேதி அந்தக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தான். காபியைத் தொடாமல் ஆறவிட்டான்.

"கண்ணுல புரை வளருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றான் கடைசியில். "சுடுற கண்ணு. அடுத்த வருஷம் குறி பார்க்க முடியாதாம்."

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே."

"பண்ணலாம். அப்புறம் பாட்டில் அடி மாதிரி கண்ணாடி." கடிதத்தை நான்காக மடித்தான். "பதினாலு கதை சொல்லியிருக்கேன், எல்டன். ஒண்ணாவது எனக்கு நடந்ததா இருக்கட்டும்."

டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை, 'ஒடிந்த அங்கவடி' எனப்படும் ஓடைக்கு மேலே உள்ள திட்டில் கூடாரம் அடித்தோம். சாலையிலிருந்து ஒன்பது மைல். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. மெர்ல் அடை தின்றுகொண்டே வேலையைப் பிரித்தான்.

"நான் பாறை மேல. எல்டன் என் பக்கத்துல. டுவெய்ன் மேற்குக் கணவாய். சீட்டு, நீ வழக்கம்போல கீழ."

"இல்ல மெர்ல். இந்தத் தடவ நான் சுடறேன்," என்றான் ஆர்விட்.

டுவெய்ன் சுற்றுமுற்றும் பார்த்தான். "யாருப்பா பேசினது? அடுப்பா?"

"என் பேருக்கு வந்த சீட்டு அது."

"சீட்டு முகாமுக்குச் சொந்தம்," என்றான் மெர்ல்.

"பதினேழு வருஷமா முகாமுக்குத்தான் குடுத்தேன். இந்த ஒண்ண எனக்கு விடுங்க, மெர்ல். உங்ககிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

மெர்ல் அடையின் மேல் வெண்ணெயை ஓரம்வரை தடவி முடித்தான். "சரி. நீயே சுடு."

டுவெய்ன் வாயைத் திறந்தான். மெர்ல் அவனைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தான். நான் பார்த்தேன். ஆர்விட் கையுறையின் விரல்களை இழுத்துவிட்டுக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

எட்டே முக்காலுக்கு டுவெய்ன் கீழே இறங்கினான். அந்த வேலையை அவன் செய்வது அதுதான் முதல் முறை. அவன் கெட்ட வார்த்தைகள் பாறைகளில் மோதி மேலே கேட்டுக்கொண்டே இருந்தன. ஆர்விட் ஒரு பாறை மூக்கில் குப்புறப் படுத்திருந்தான். நான் அவனுக்கு இடப்பக்கம் இருபது தப்படியில். மெர்ல் எங்களுக்குப் பின்னால், மேலே, நாற்பது தப்படியில். "சும்மா வேடிக்கை பார்க்கறேன்" என்றான். துப்பாக்கி மடியில் இருந்தது.

பத்து இருபத்தைந்துக்கு எதிர்ச்சரிவில் ஐந்து ஆண் எல்க்குகள் வரிசையாக ஏறி வந்தன. பனி அவற்றின் வயிற்றைத் தொட்டது. இருநூற்று நாற்பது கஜம். முதலாவதும் இரண்டாவதும் நெருங்கி வந்து, மூச்சு வாங்க நின்றன. ஆர்விட்டின் முதுகு எழுந்து தாழ்வதைப் பார்த்தேன். பிறகு தாழவில்லை. சுட்டான்.

சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பள்ளத்தாக்கில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும் என்பதால் ஆர்விட் அதைக் கவனிக்கவில்லை. ஒரு எல்க் முன்னங்கால் மடிந்து விழுந்து பனியில் சறுக்கியது. மற்றவை சிதறி ஓடின.

"விழுந்துருச்சு," என்றான் ஆர்விட். "எல்டன், விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு."

அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. ஆர்விட் அதன் பக்கத்தில் முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, மூன்று விரல் கையை அதன் கழுத்து மயிருக்குள் விட்டான். "சூடா இருக்கு," என்றான். அவன் கண்ணிலிருந்து வழிந்தது தாடியில் உறைந்தது. டுவெய்ன் மூச்சிரைக்க வந்து அவன் கையைக் குலுக்கினான். "பிரமாதம்டா சீட்டு! என்னா சூடு! இனிமே நாங்கெல்லாம் துப்பாக்கிய வித்துட்டு மீன் பிடிக்கப் போக வேண்டியதுதான்."

"சீட்டை எடு. நான் வெட்டறேன்," என்றான் மெர்ல். டிசம்பர், ஒன்பது என்று இரண்டு முக்கோணங்களை வெட்டிக் கொம்பில் கட்டினான்.

ஆண் எல்க் ஒரு குதிரை அளவு இருக்கும். அறுத்து மூட்டை கட்ட நான்கு பேருக்கும் மதியம் ஓடிவிடும். தோலை உரித்தபோது ஒரே ஒரு துளைதான் இருந்தது. மேலிருந்து கீழாக இறங்கி, மறுபக்கத் தோலுக்கு அடியில் தோட்டா நின்றிருந்தது. நுனி விரிந்திருந்தாலும் அடிப்பாகம் சிதையவில்லை. ஆர்விட் அதை நோண்டி எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இதையும் அளந்து எழுதிக்க, எல்டன். அப்புறம் எனக்கே குடு. வெல்மாகிட்ட காட்டணும்."

கட்டை அளக்கும் வேலைக்காக ஒரு இடுக்கி அளவுகோல் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். அளந்தேன். இன்னொரு முறை அளந்தேன். ஆர்விட்டின் துப்பாக்கிக்குத் தோட்டா பருமன். இது அதைவிட மெலிது.

"என்ன?" என்றான் ஆர்விட்.

"இது உன்னோடது இல்ல. மெர்லோடது."

அப்போதுதான் டுவெய்ன் வெடித்தான். பனியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ, அந்த மூஞ்சியப் பாரு! கழுத்தத் தடவினான்டா, மெர்ல்! பொண்டாட்டியத் தடவற மாதிரி தடவினான்! சீட்டு, பதினஞ்சாவது கதைக்கு வாழ்த்துடா!"

மெர்ல் சிரிக்கவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான். "நீ தவற விடுவேன்னு தெரியும். சீட்டு வீணாப் போகக் கூடாதுல்ல. கறி உனக்கும் உண்டு."

ஆர்விட் செத்த எல்க்கின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய் இரண்டு கொம்புகளையும் நுனிவரை தடவினான்.

"நான் குறி வெச்சது இது இல்ல," என்றான். "அது ரெண்டாவதா நின்னது. வலது கொம்பு நுனி ஒடிஞ்சிருந்துச்சு. சுட்டதும் முதுக வளைச்சுது. இது விழுந்ததும், அதுதான் விழுந்துச்சுன்னு நெனச்சுட்டேன்."

"உன் தோட்டா மலைக்குப் போச்சு," என்றான் டுவெய்ன். "மலை செத்துருச்சு. போய்ச் சீட்டு கட்டு."

"அடி பட்டிருக்கு மெர்ல். வயித்துல. போய்ப் பார்க்கணும்."

"எல்டன் பார்க்கட்டும்," என்றான் மெர்ல். "அவன் சொன்னா எல்லாருக்கும் சரி."

நான் போனேன். நான்கு எல்க்குகளும் ஒரே தடத்தில் ஓடியிருந்ததால் பனி கலைந்து கிடந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே அறுபது தப்படி நடந்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மணி மூன்று பத்து. மூன்றரைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் போய்விடும். வயிற்றில் பட்ட எல்க் முதல் நூறு தப்படிக்குப் பெரும்பாலும் ரத்தம் சிந்தாது. உள்ளேயே தேங்கும். இது எனக்குத் தெரியும். என் புத்தகத்திலேயே அப்படி நான்கு உதாரணங்கள் இருந்தன. கால் விரல்கள் மரத்திருந்தன. திரும்பினேன்.

"ரத்தம் இல்ல," என்றேன்.

அன்றைய பக்கத்தில் எழுதியது இது: மெர்ல், ஒரு சூடு, விழுந்தது. ஆர்விட், ஒரு சூடு, தவறியது.

ஞாயிறு காலை பனி கொட்டத் தொடங்கியது. மெர்ல் கழுதைகளின் மேல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஆர்விட் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு கூடார வாசலில் நின்றான்.

"நான் அதைத் தேடிப் போறேன்."

"சீட்டு வெட்டியாச்சு," என்றான் மெர்ல். "இன்னொண்ணைக் கொன்னா அது திருட்டு. காட்டிலாகா வார்டன் உன்ன உள்ள தள்ளுவான்."

"அது குடல் அறுந்து எங்கயோ கெடக்கு."

"கெடக்கட்டும். நாளைக்கு ஷிஃப்ட் ஏழு மணிக்கு. நீ வரலேன்னா உன் இடத்துக்கு ஆள் இருக்கு."

"நீ போ, மெர்ல்," என்றான் ஆர்விட்.

மெர்ல் வாரை இறுக்கிய கையை நிறுத்தினான். அவனிடம் அப்படி யாரும் ஆலையில் பேசியதில்லை. பிறகு எங்களைப் பார்த்து, கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னான். அடுப்பையும் ஏற்றச் சொன்னான். எல்லாம் அவனுடையவைதானே. ஒரு தார்ப்பாயும், கொஞ்சம் ரொட்டியும், பன்றிக் கொழுப்பு ஒரு துண்டும் மிஞ்சின. அவற்றைப் பாறைமேல் வைத்தோம்.

"டேய், இப்ப உன்கிட்ட சீட்டும் இல்ல," என்றான் டுவெய்ன், கழுதையைக் கிளப்பிக்கொண்டே. "உன்ன இனிமே என்னன்னுடா கூப்பிடறது?"

ஒன்பது பத்துக்குப் புறப்பட்டோம். நானும்தான்.

அடுத்து நடந்ததை ஆர்விட் பிற்பாடு மருத்துவமனையில் என்னிடம் சொன்னான். புதுப்பனி அரை அடி மூடியிருந்தது. கையால் பனியை விலக்கி விலக்கித் தடத்தில் போயிருக்கிறான். நூற்று நாற்பதாவது தப்படியில் முதல் ரத்தம். கறுப்பாக, பச்சையாக இரைப்பைத் தண்ணீர் கலந்து இருந்ததாம். எண்ணிக்கொண்டே போனாயா என்று கேட்டேன். "நீ எண்ணியிருப்பேன்னு தெரியும். அதான் நானும் எண்ணினேன்," என்றான்.

ஞாயிறும் திங்களும் தடத்தைத் தொலைத்துத் தொலைத்துக் கண்டுபிடித்தான். செவ்வாய் காலை, ஓடையின் வளைவில் அண்டங்காக்கைகள் கத்தும் சத்தம் கேட்டு இறங்கினான். எல்க் தண்ணீர் குடிக்க வந்து விழுந்திருந்தது. பின்பாதி ஓடைக்குள். அதைச் சுற்றிப் பனிக்கட்டி உறைந்துபோயிருந்தது. மூன்று காக்கைகள் முதுகில் உட்கார்ந்து தோட்டாத் துளையைக் கொத்திப் பெரிதாக்கிக்கொண்டிருந்தன. எல்க் உயிரோடு இருந்தது. தலையைத் திருப்பும். காக்கைகள் ஒரு அடி தள்ளிப்போய் மறுபடி உட்காரும்.

"என்னப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்துச்சு, எல்டன். ரெண்டு தடவ. பின்னங்கால் ஐஸுல புடிச்சிருக்கு, எங்க எந்திரிக்கறது? மூணாவது தடவ பார்க்கல. தலையக் கீழ வெச்சிருச்சு."

பன்னிரண்டு தப்படியிலிருந்து சுட்டான். ஆர்விட் ஸ்கோக் தன் கையால் கொன்ற முதல் எல்க், எழுந்திருக்க முடியாத எல்க்.

அதை ஐஸிலிருந்து வெட்டி எடுக்க, ஓடையில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறான். கறியைக் கூறு போட்டுப் பாறைமேல் ஏற்றிவைத்துவிட்டு, தலையையும் ஒரு பின்னந்தொடையையும் முதுகில் கட்டிக்கொண்டு ஒன்பது மைல் நடந்தான். புதன் மதியம் இரண்டு மணிக்குச் சாலையை அடைந்தவன், வீட்டுக்குப் போகவில்லை. லாரி ஒன்றில் ஏறி, வார்டன் ஹாலிஸ் டிரென்ட்டின் வீட்டு வாசலில் இறங்கினான்.

டிரென்ட் முதுகுச் சுமையைப் பார்த்தார். "உன் சீட்டு சனிக்கிழமையே கட்டியாச்சுன்னு மெர்ல் சோதனைச் சாவடியில காட்டினானே."

"ஆமா. இது ரெண்டாவது."

"ரெண்டு எல்க், ஒரு சீட்டு. இதத் தூக்கிட்டு என்கிட்டயே வந்திருக்க. பைத்தியமாய்யா நீ?"

"மிச்சக் கறி ஓடைகிட்ட கெடக்கு. காக்கா தின்னுரும். ஆள் அனுப்புங்க," என்றான் ஆர்விட். பிறகு பூட்ஸைக் கழற்ற முயன்றான். கழலவில்லை. கத்தரித்தார்கள். வலது காலில் நான்கு விரல்கள் போயின.

மருத்துவமனையில் அவன் என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டான். "கோர்ட்டுக்கு உன் புத்தகத்தக் கொண்டா. மொதல்ல விழுந்தது மெர்ல் சுட்டதுன்னு அதுல இருக்கு. சீட்டு குடுத்ததுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கறேன். ஆனா நான் சுட்டது ஒண்ணுதான்னு தெரியணும். எது நான் சுட்டதுன்னு தெரியணும்."

"பார்க்கறேன்," என்றேன்.

மறுநாள் நான் கட்டை அளக்கும் கொட்டகைக்கு மெர்ல் வந்தான். கதவைச் சாத்தினான்.

"அந்தப் புத்தகம் வெளிய வந்தா நான் மட்டும் மாட்ட மாட்டேன். அடுத்தவன் சீட்டுல நீ சுட்டதும் அதுல இருக்கு. ஆறு தடவ."

"ஏழு," என்றேன்.

"ஏழு. இன்னும் நாலு வருஷத்துல உனக்கு ஓய்வு. நெனப்பு வெச்சுக்க."

1979 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. நீதிமன்ற அறையில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். வழக்கறிஞர் வேண்டாம் என்று ஆர்விட் சொல்லிவிட்டான். ஊன்றுகோலோடு எழுந்து நின்று நடந்ததைச் சொன்னான். மெர்ல் சுட்டது முதலாவது. தான் சுட்டது இரண்டாவது. தன் சீட்டை மெர்ல் எடுத்துக் கட்டினான்.

அடுத்து மெர்ல் கூண்டில் ஏறினான். அரசு வக்கீல் கேட்டதற்கு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னான். "பதினாலு எல்க் அடிச்சவருங்க இவரு. மாவட்டத்துலயே பெரிய வேட்டைக்காரரு. பேப்பர்லயே வந்திருக்கு. இவருக்குப் போய் நான் சுட்டுத் தரணுமாங்க?"

அறையே சிரித்தது. வெல்மா சிரிக்கவில்லை, ஆனால் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். பதினான்கு கதைகளையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் அவள்தான்.

டுவெய்ன் தான் கீழே இருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்றான். அது உண்மை. பிறகு என்னை அழைத்தார்கள். எல்லாவற்றையும் குறித்துவைப்பவன் என்று ஊருக்கே தெரியும் என்பதால் அறை அமைதியானது.

"சனிக்கிழமை விழுந்த எல்க்கின் கொம்பில் யாருடைய சீட்டு இருந்தது?"

"ஆர்விட் ஸ்கோக்குடையது."

"இன்னொரு எல்க்குக்கு அடி பட்டதற்கான ரத்தம் எதையாவது பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை."

அவ்வளவுதான் கேட்டார். நான் சொன்னவற்றில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நீதிபதி ஆர்விட்டின் பக்கம் திரும்பினார். "சாட்சியிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?"

அவன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றான். 'முதல் எல்க்கைச் சுட்டது யார்' என்று அவன் கேட்டிருந்தால் நான் மெர்லின் பெயரைச் சொல்லியிருப்பேன். கேட்டால் சொல்வது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். கேட்காமல் சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை.

"எத்தன தப்படி நடந்து பார்த்த, எல்டன்?" என்றான்.

"அறுபது."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். பிறகு உட்கார்ந்துவிட்டான். இந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீதிபதி கேட்டார். ஆர்விட் ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்தான்.

வேட்டை உரிமம் ஆயுளுக்கும் பறிபோனது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு எல்க்குகளின் கறியும் முதியோர் இல்லத்துக்குப் போனது. அங்கே இருந்த என் அத்தை, கறி கொஞ்சம் கசக்கிறது என்றாள். தான் சுட்டதன் கொம்பை மட்டும் கேட்டு ஆர்விட் ஒரு கடிதம் எழுதினான். குற்றத்துக்கு ஆதாரமான பொருளைத் திருப்பித் தர முடியாது என்று பதில் வந்தது.

ஆலையில் அவன் இடத்துக்கு டிசம்பர் 11ஆம் தேதியே வேறு ஆளைப் போட்டுவிட்டான் மெர்ல். இடம் இருந்திருந்தாலும் அந்தக் காலோடு அவன் பலகை இழுத்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. டுவெய்ன் தினமும் காலையில் பேருந்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கத்துவான்: "பதினஞ்சாடா, பதினாறாடா? கணக்கு இன்னும் முடியலையே!" ஆர்விட் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டான். தடித்த கண்ணாடி. தேவாலய விருந்துக்கு வெல்மா தனியாக வருவாள். ஆட்கள் அவளிடம் ரொட்டி நீட்டுவார்கள், பேச மாட்டார்கள். பதினான்கும் திருட்டாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு செய்திருந்தது. ஒருவகையில் ஊர் சொன்னது சரி.

மெர்லின் முகாமுக்கு நான் இன்னும் ஆறு பருவங்கள் போனேன். ஆர்விட் இடத்துக்குக் கிளிஃபோர்ட் என்று ஒருவன் வந்தான். நன்றாகக் காபி போடுவான்.

ஆர்விட் என் வீட்டுக்கு அதன்பிறகு வரவில்லை. ஒரே ஒரு முறை, 1984இல், ஆணிக் கடையில் எதிரெதிரே நின்றோம். கடைக்காரன் பழைய நினைப்பில் அவனிடம், "அய்யா, அந்த முந்நூறு கஜத்து எல்க் கதையச் சொல்லுங்களேன்" என்றான். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. ஆர்விட் என்னைக் காட்டி, "இவன்கிட்ட கேளு, இவன்தான் எழுதினான்" என்று சொல்லிவிட்டு ஆணிப் பொட்டலத்தோடு நொண்டிக்கொண்டே வெளியே போனான்.

1991 மார்ச் 6ஆம் தேதி இறந்தான். இதயம். அறுபத்தேழு வயது. மறுநாள் வெல்மா எனக்குத் தொலைபேசினாள். வார இதழுக்கு இரங்கல் குறிப்பு கொடுக்க வேண்டும், ஆலையில் சேர்ந்த தேதி வேண்டும் என்றாள். 1951 ஜூன் 4 என்றேன். எழுதிக்கொண்டாள்.

"வேட்டையப் பத்தியும் ஒரு வரி போடறேன். பதினஞ்சு எல்க் அடிச்சவர்னு."

"வெல்மா, ஒண்ணு," என்றேன்.

"என்ன ஒண்ணு?"

"அவன் சுட்டது ஒண்ணுதான். கொம்பு ஒடிஞ்சது. மத்ததெல்லாம் மெர்லும் நாங்களும் சுட்டது. எங்கிட்ட எழுத்துல இருக்கு."

தொலைபேசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதத்தான் அவரும் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுச் சொன்னாரு. வாய மூடுங்க, மானம் போகுதுன்னேன்." பேனாவைக் கீழே வைத்த சத்தம். "அந்தக் கொம்பு ஒடிஞ்சது திருட்டு எல்க் இல்லையா? கோர்ட்டே சொல்லிருச்சே."

"நீ கேட்டா நான் பத்திரிகைக்கு வந்து சொல்றேன்."

"பன்னெண்டு வருஷம் கழிச்சா?" என்றாள் வெல்மா. "வேணாம், எல்டன். திருடன்னு பேரு வாங்கினது போதும். ஒண்ணே ஒண்ணு, அதுவும் எந்திரிக்க முடியாததுன்னு போட்டா சிரிப்பாங்க. பதினஞ்சுன்னே இருக்கட்டும்."

அடுத்த வியாழக்கிழமை இதழில் பதினைந்து என்றே வந்தது. தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன.